சேர் ஏன் பின்வரிசையைப் பார்த்துக் கத்தினார்?

வகுப்பறை நினைவுகளை எழுத இந்தப் பாடசாலை மலரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் மைதானத்தோடு நிற்கிறேன். எண்பதுகளில் எங்கள் பாடசாலை உதைபந்தாட்ட அணிக்கு எங்கள் ஆசிரியர், சேர், பழக்கிய ஆட்டத்தைத்தான் இன்று தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் 'ஹை பிரஸ்' என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்கள். எதிரணி தன் கோலடியில் பந்தை வைத்திருக்கும்போதே போய் மறித்துப் பறிப்பது.

முன்வரிசை மூவரும் பாயும்போது பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். சேரோ பின்னால் நின்ற எங்கள் நால்வரையும் பார்த்துத்தான் கத்துவார். "முன்னுக்கு மூன்று பேர் ஓட, நீங்கள் இங்கேயே நின்றால் நடுவில் காணி பிரித்து விற்கலாம்!" பகிடியாகத் தோன்றினாலும் முழு விஷயமும் அதற்குள் இருக்கிறது. முன்வரிசையை ஏமாற்றி ஒரு பாஸ் வெளியே வந்தால், அதை வாங்குபவனுக்குத் திரும்பிப் பார்க்க நேரம் இருக்கக்கூடாது. அதற்கு நடுவரிசை நெருங்கி நிற்க வேண்டும். நடுவரிசை நெருங்க, பின்வரிசை மைதானத்தின் நடுக்கோடு வரை ஏற வேண்டும். எண்பதுகளின் கடைசியில் இத்தாலியின் மிலான் அணியைப் பழக்கிய அரிகோ சாக்கி, முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 25 மீட்டர் அளவுதான் இருக்கலாம் என்று நின்றார். 1989, 1990 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கிண்ணம் அவர்களுக்கே. பின், நடு, முன் வரிசைகளில் நிற்போரை எண்ணினால் அவர்கள் ஆடியது 4-4-2, நாங்கள் 4-3-3. எண்ணை விடுங்கள், இடைவெளியைப் பாருங்கள்.

பாய்வதிலும் முறை உண்டு. பந்து வைத்திருப்பவனை நோக்கி நேராக ஓடினால் அவன் பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிவிட்டுப் போய்விடுவான். வளைந்து ஓட வேண்டும், அந்தப் பாஸின் வழியை உடம்பால் அடைத்தபடி. அப்போது அவனுக்கு ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். பந்து அங்கே, பக்கக்கோட்டோரம் போனதும் நடுவரிசை வந்து மூடும். கோட்டுக்கு வெளியே அவனால் ஓட முடியாதே, கோடும் நம் ஆள்தான். எப்போது பாய்வது? பந்து காலில் சரியாகத் தங்காதபோது, வாங்குபவன் தன் கோலைப் பார்த்து நிற்கும்போது, பாஸ் மெதுவாக உருளும்போது. தனியாகப் பாய்ந்தவனுக்கு, பந்தைப் பறித்தாலும், சேரிடம் திட்டு நிச்சயம்.

அந்தக் காலத்து விதிகள் எங்களுக்குப் பாதி எதிரி, பாதி நண்பன். எவ்வளவு நெருக்கினாலும் எதிரணி பந்தைப் பின்னுக்குத் தட்டும், கோல் கீப்பர் கையால் எடுத்துக்கொள்வார். நம் ஓட்டமெல்லாம் வீண். சக வீரர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. மாறாக, பந்து கொடுக்கப்படும்போது எதிரணி முன்வரிசைக்காரன் எங்கள் கடைசிப் பின்வரிசைக்காரனுக்கு நேர்கோட்டில் நின்றாலே அன்று ஓஃப்சைட், அந்தப் பந்தை அவன் ஆட முடியாது. 1990இல் அதைத் தளர்த்தினார்கள். ஏறி நின்ற எங்களுக்கு அந்தப் பழைய விதி பெரிய காவலாக இருந்தது. இன்றைய பின்வரிசைக்காரர்களின் துணிச்சல் எங்களுடையதைவிடப் பெரிது என்று நான் சொல்வது அதனால்தான்.

முறை பிழைத்தால் தண்டனை கடுமை. யாரும் நெருக்காத ஒருவன் தலை நிமிர்ந்து நீளமாக ஒன்று தூக்கிப் போட்டால், நம் முதுகுக்குப் பின்னால் அரை மைதானம் வெறுமை. கீப்பர்தான் வெளியே ஓடி வர வேண்டும். 2014 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் நொயர் பெனால்டி எல்லையைத் தாண்டித் திரும்பத் திரும்ப ஓடி வந்தாரே, அந்த வேலை. எங்கள் கீப்பர் கோல் கோட்டிலிருந்து அசையாத பேர்வழி, ஆகவே திரும்பி ஓடுவது என் பாடு.

களைப்பு வந்ததும் இந்த ஆட்டம் உடையும் இடமும் அதுதான். முன்வரிசை ஓய்ந்துவிட்டால் பின்வரிசையும் இறங்கிவிட வேண்டும். பாதிப்பேர் நெருக்க, பாதிப்பேர் பின்வாங்க நிற்பதைவிடப் பத்துப் பேரும் கோலடியில் குவிவது மேல்.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுப் பின்வரிசை நால்வரையும் ஐந்து நிமிடம் பாருங்கள். எங்கள் அணியில் வலது விங்கில் ஆடிய நண்பர் இதை வாசித்தால் சண்டைக்கு வருவார். பறித்ததெல்லாம் தானே என்பது அவர் கட்சி. அடுத்த மலரில் அவரும் எழுதட்டும்.