ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய குடும்ப வண்டியை நம்பி வாங்கலாமா?

வண்டிக்கென்று எங்களால் ஒதுக்க முடிந்த தொகை ஐந்து லட்சம் ரூபாய். வண்டியின் விலை மட்டுமல்லாமல், பெயர் மாற்றம், காப்பீடு, வாங்கியவுடன் செய்ய வேண்டிய பட்டறை வேலைகள் ஆகிய எல்லாமே அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. என் பெற்றோர், நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள் என வீட்டில் ஏழு பேர் இருக்கிறோம். சேலம் பகுதியில் இந்தத் தொகைக்கு ஏழு பேர் அமரும் வண்டியைத் தேடினால், கையில் கிடைப்பவை பெரும்பாலும் பத்து ஆண்டுகளைக் கடந்த, ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய டீசல் வண்டிகள்தாம். உறவினர் பலரும் அந்த எண்ணைக் கேட்டவுடனே வேண்டாம் என்றார்கள். பல மாதங்கள் பார்த்து, விசாரித்து, ஓட்டிப் பார்த்த பிறகு நான் உறுதியாக நம்புவது வேறு: அதிகம் ஓடியிருப்பது ஒரு வண்டிக்குக் குறையன்று, எப்படி ஓடியது, எப்போது எந்த வேலை செய்யப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாமல் இருப்பதே குறை.

மீட்டரில் காணும் எண்ணை முதலில் ஒரு கணக்கின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டு டீசல் எர்டிகா ஒன்று எழுபதாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாக விற்பனைக்கு வந்தது. அப்படியானால் ஆண்டுக்குச் சராசரியாக ஆறாயிரம் கிலோமீட்டர்கூட அது ஓடவில்லை. அந்தக் காலத்தில் பெட்ரோல் வகையைவிட லட்ச ரூபாய்க்கும் மேல் கூடுதலாகக் கொடுத்து டீசல் வண்டியை வாங்கியவர், அதை மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுவதற்காகவா வாங்கியிருப்பார்? அப்படிச் சிலர் இருக்கலாம். ஆனால் அதை அவர்கள் தாளில் காட்ட வேண்டும். இன்றைய மின்னணு மீட்டரில் எண்ணைக் குறைப்பது கருவி வைத்திருப்பவருக்குச் சில நிமிட வேலை. பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாகியிருப்பதையும், ஸ்டீயரிங்கின் மேற்பரப்பு பளபளத்திருப்பதையும், ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க விளிம்பு அமுங்கியிருப்பதையும் அவ்வளவு எளிதாக மறைக்க முடியாது. எனக்காக வண்டிகளைப் பார்த்துக் கொடுத்த மெக்கானிக், "மீட்டரை அப்புறம் பாருங்கண்ணா, முதல்ல பெடல் ரப்பரைப் பாருங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். பானெட்டின் உட்புறத்திலோ கதவுச் சட்டத்திலோ பழைய ஆயில் மாற்றத்தின் ஸ்டிக்கர் சில சமயம் கிழிபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் எழுதப்பட்ட கிலோமீட்டர், மீட்டரில் இருப்பதைவிட அதிகமாக இருந்தால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

நம்பத்தக்க சான்று சர்வீஸ் பதிவேடுதான். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்கு வண்டி போன ஒவ்வொரு முறையும் தேதியும் கிலோமீட்டரும் கணினியில் பதிவாகின்றன. உரிமையாளரை உடன் அழைத்துச் சென்று கேட்டால் அதைப் பார்த்துவிடலாம். அதற்கு மறுக்கும் உரிமையாளரின் வண்டியை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். அந்தப் பதிவேட்டைப் படிக்கும்போது மொத்தக் கிலோமீட்டரைவிட அவை எவ்வாறு சேர்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். சேலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு வாரந்தோறும் நான்குவழிச் சாலையில் சென்று வந்த வண்டியின் இன்ஜின் பெரும்பாலும் சீரான வெப்பத்தில், மேல் கியரில், அதிகம் கிளட்ச் மிதிக்கப்படாமல் ஓடியிருக்கும். நகருக்குள் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் சென்று, இன்ஜின் சூடாவதற்குள் அணைக்கப்பட்ட வண்டி, அதில் பாதி தொலைவே ஓடியிருந்தாலும் கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றில் கூடுதல் தேய்மானத்தைக் கொண்டிருக்கும். ஆகவே, தொடர்ச்சியான பதிவுகளுடன் ஒன்றே முக்கால் லட்சம் ஓடிய வண்டியை, பதிவே இல்லாத எண்பதாயிரம் வண்டிக்கு மேலாகவே நான் மதிப்பேன்.

வாடகைக்கு ஓடி, பின்னர் ஓன் போர்டாக மாற்றப்பட்ட வண்டிகளும் நிறைய வருகின்றன. அவற்றை ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் சில டிராவல்ஸ் உரிமையாளர்கள் ஆயில் மாற்றத்தை ஒருநாள்கூடத் தள்ளிப்போடுவதில்லை. ஆனால் அந்த வரலாறு விலையில் தெரிய வேண்டும். எண்தகட்டின் நிறம் மாறியிருப்பதை விற்பவர் தாமாகச் சொல்லாமல், நாமே ஆர்சி விவரங்களிலிருந்து கண்டுபிடிக்க நேர்ந்தால், அவர் சொல்லும் பிற செய்திகளையும் அதே அளவில்தான் நம்ப முடியும்.

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது, வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். குளிர்ந்த நிலையில் எழும் இன்ஜினின் டைமிங் சங்கிலிச் சத்தமும், முதல் புகையும், தடுமாற்றமும் சூடான இன்ஜினில் மறைந்துவிடும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரிலோ காற்று செல்லும் வழியிலோ கோளாறு இருக்கிறது. இன்ஜின் நன்கு சூடான பிறகும் வெண்புகை அடங்காவிட்டால், கூலன்ட் எரியறைக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினால் புகை விட்டுவிட்டுப் பலமாக வெளியேறுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருப்பதைக் காட்டும் அடையாளம். ரிங் வேலை வரை போகும் இன்ஜின், எங்களைப் போல அளவான தொகை வைத்திருப்பவர்களின் கணக்கை முற்றிலும் குலைத்துவிடும்.

ஓட்டிப் பார்ப்பதைத் தனியாகச் செய்யாமல் குடும்பத்தோடு செய்வது நல்லது. ஏழு பேர் ஏறி, ஏசியைப் போட்டு, ஏற்காடு மலைப்பாதையின் முதல் சில கொண்டை ஊசி வளைவுகள் வரை போய்வந்தால், காலியான வண்டியில் தெரியாத பலவும் தெரியவரும். டர்போ சரியாக இழுக்கிறதா, வெப்பமானியின் முள் மேலே ஏறுகிறதா, கிளட்ச் நழுவுகிறதா, பின் ஷாக் அப்சார்பர்கள் எடையைத் தாங்குகின்றனவா, கடைசி வரிசைவரை குளிர் எட்டுகிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த அரைமணி நேரம் விடையளிக்கும். மூட்டுவலியுள்ள என் தாயார் உதவியின்றி ஏறி இறங்க முடிகிறதா என்பதும் எங்களுக்கு இன்ஜினுக்கு நிகரான சோதனையாக இருந்தது.

இன்னோவாவை நாங்கள் கைவிட அதுவும் ஒரு காரணம். 2005இல் வந்த அந்த வண்டியின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்றது. நன்கு பராமரிக்கப்பட்டவை மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடுகின்றன. ஆனால் சட்டகத்தின் மேல் உடல் அமைந்த வண்டி என்பதால் தரை உயரம், ஏறும் படியும் உயரம். அந்தப் பெயருக்காகவே விலையும் இறங்குவதில்லை. எங்கள் தொகைக்குள் வந்தவை 2009, 2010ஆம் ஆண்டு வண்டிகள். பதினைந்து ஆண்டு நிறைந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கான அந்தக் கட்டணமே ஐயாயிரம் ரூபாய். இன்னோவாவின் டைமிங் பெல்ட் (வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க வைக்கும் பெல்ட்) மாற்றப்பட்டதற்கு பில் இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவையும் விலையோடு கூட்ட வேண்டும், ஏனெனில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து இன்ஜினையே பிரிக்க நேரிடும்.

செவ்ரோலெட்டின் டவேராவும் என்ஜாயும் மலிவாகக் கிடைத்தன. செவ்ரோலெட் 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது, என்ஜாயின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினுக்குப் பாகங்கள் கிடைத்தாலும், ஒரு முகப்பு விளக்கு உடைந்தால் அதற்காக ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கும் என்ற அச்சத்தில் விட்டுவிட்டோம். டெல்லியில் பத்தாண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, அங்கிருந்து கொண்டுவரப்படும் வண்டிகளும் இங்கே பார்வைக்குக் கவர்ச்சியாக நிற்கின்றன. தடையின்மைச் சான்று, இங்கே செலுத்த வேண்டிய வரி, மறுபதிவுக்கான அலைச்சல் ஆகியவற்றைக் கூட்டினால் விலை வித்தியாசம் பெரிதும் கரைந்துவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னைப் பதிவெண் வண்டி என்றால், சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து நுனியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்றும், இருக்கையின் அடித்தண்டவாளங்களில் துரு இருக்கிறதா என்றும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இறுதியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது 2013ஆம் ஆண்டு டீசல் எர்டிகா. ஸ்விஃப்ட், டிசையர் போன்ற வண்டிகளின் டீசல் வகைகளில் இருந்த அதே 1248 சிசி வகை இன்ஜின் என்பதால், அதைப் பிரித்துப் பழகாத மெக்கானிக் அநேகமாக எந்த ஊரிலும் இல்லை. தாழ்ந்த தரை என்பதால் அம்மா சிரமமின்றி ஏறுகிறார். கடைசி வரிசை பெரியவர்களுக்கு இடுக்கமானது என்பது உண்மை. எங்கள் வீட்டில் அது பிள்ளைகளின் இடம். ஒன்றே முக்கால் லட்சம் ஓடிய அந்த வண்டிக்கு முதல் உரிமையாளர் ஒருவரே. சர்வீஸ் பதிவேடு முறியாமல் இருந்தது. காப்பீட்டுத் தாளில் நோ கிளெய்ம் போனஸ் (ஈடு கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) ஐம்பது சதவீதம் என்றிருந்ததால், அண்மை ஆண்டுகளில் காப்பீட்டில் ஈடு கோரும்படியான விபத்து எதுவும் இல்லை என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. கடன் எதுவும் நிலுவையில் இல்லை என்பதை ஆர்சியிலும், அபராதங்கள் இல்லை என்பதை இணையத்திலும் சரிபார்த்த பின் பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டோம். பெயர் மாறியதிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் காப்பீட்டையும் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் போனஸ் நமக்கு வராது என்பதால் அதற்கான வித்தியாசத் தொகையையும் கணக்கில் வைத்திருந்தோம்.

விலை மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். நான்கரை லட்சத்துக்கு இன்னும் பளபளப்பான ஒன்று கிடைத்திருக்கும். ஆனால் எண்பதாயிரத்தைப் பட்டறைக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டதால் அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், வெளி பெல்ட் ஆகியவற்றை ஒரே நாளில் மாற்றினோம். டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தின்படி அவை 2017இல் செய்யப்பட்டவை. மேற்பரப்பின் வெட்டுகள் மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகியிருந்ததால் நான்கையும் மாற்றிவிட்டோம். முன் சஸ்பென்ஷனின் புஷ்களையும் பின் ஷாக் அப்சார்பர்களையும் அடுத்த மாதம் மாற்றினோம். கிளட்ச் சற்று மேலே பிடிக்கிறது, ஆனாலும் நழுவவில்லை. அதற்கான பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறோம், பிள்ளைகளின் முழு ஆண்டு விடுமுறைக்கு முன் அந்த வேலையையும் முடித்துவிடத் திட்டமிட்டிருக்கிறோம்.