ஆலையில் இரு மொழி ஜெபமாலை

தஞ்சை, நாகை பக்க அரிசி ஆலையில் ஜார்க்கண்ட் கத்தோலிக்கர் யாராவது உங்களோடு வேலை பார்த்தால், பேச்சு பழகும்வரை காத்திருக்காதீர்கள், ஜெபமாலையை எடுங்கள். "அருள் நிறைந்த மரியே" என்று ஒவ்வொரு மணிக்கும் உரிய ஜெபத்தின் முதல் பாதியை நீங்கள் தமிழில் தொடங்க, "ஹே சந்த் மரியா" என்று மறுபாதியை அவர் இந்தியில் முடிப்பார். ஒவ்வொரு தேவரகசியத்துக்கும், அதாவது பத்து மணி கொண்ட ஒவ்வொரு பகுதிக்கும், முறை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் முடிக்குமுன்னே அடுத்த மணிக்குத் தாவிவிடுவதுதான் வழக்கமான சிக்கல். "ஆமென்" காதில் விழுந்தபிறகே மணியை நகர்த்துங்கள். 53 அருள் நிறைந்த மந்திரமும் சொல்ல நேரமில்லையா? சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பத்து மணிப் பகுதி போதும்.

யாருக்காக வேண்டுவது? போனில் அவர் அம்மா படத்தைக் காட்டட்டும், நீங்களும் காட்டுங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. இருவருக்கும் சேர்த்தே முன்கூட்டி லீவு சொல்லிவிடுங்கள்.