கமாவில் சிதறிய காப்பிக் கணக்கு

டிசம்பர் 3, ஏற்காடு

பழம் பறிப்பு மும்முரம். சிறு விவசாயிகளிடம் வாங்கிய காப்பியின் பட்டியல் சிஎஸ்வி கோப்பாக, அதாவது புலங்களைக் கமாவால் பிரிக்கும் உரைக் கோப்பாக, வந்திருக்கிறது. பில் எண், தேதி, பெயர், முகவரி, பின்கோடு, கிலோ, தொகை என வரிக்கு 7 புலங்கள். ஒரு வரியில் 12 துண்டுகள். முகவரி "3/41, கோயில் தெரு, நாகலூர், ஏற்காடு", தொகை 1,24,500. கோப்பில் எதற்கும் மேற்கோள் குறி இல்லை. சிஎஸ்வியைப் படிக்கும் பைத்தானின் டிக்ட்ரீடர் முணுமுணுக்காமல் படித்துவிட்டது: கிலோ இருக்க வேண்டிய இடத்தில் நாகலூர், தொகையில் ஏற்காடு!

"பாண்டாஸ்ல ஒத்துவராத வரியத் தள்ளிடுப்பா, ஒரே ஆப்ஷன்தான்" என்றார் அண்ணன். பாண்டாஸ், அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் நூலகம். மனசு ஒப்பவில்லை. தள்ளுகிற ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம்.

டிசம்பர் 4

பின்கோடுதான் நங்கூரம். இடமிருந்து மூன்று கமாவரை மட்டும் ஸ்பிளிட் செய்தால் பில், தேதி, பெயர் கழன்றுவிடும். மீதியில், இருபுறமும் கமா உள்ள, 6-ல் தொடங்கும் ஆறு இலக்கத்தை ரெஜெக்ஸால் (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் முறை) தேடினேன். 636601 கிடைத்தது. அதற்கு இடப்பக்கம் முழுக்க முகவரி, வலப்பக்கம் கிலோவும் தொகையும்.

வலப்பக்கத்தில்தான் சிக்கல். "1,200,4,98,000" என்று ஒரு வரி. ஒரு கிலோவா, 1,200 கிலோவா? நம் லட்சக் கணக்கே வழி சொல்கிறது: கடைசியில் மூன்று இலக்கம், அதற்கு முன் இரண்டிரண்டாக. "200,4,98,000" அந்த முறைக்குள் அடங்காது, 4,98,000 அடங்கும். ஆகவே 1,200 கிலோ. கிலோவுக்கு 415 ரூபாய் வருகிறது, அன்றைய விலையும் அதுதான். இந்த விலைச் சரிபார்ப்பை எல்லா வரிக்கும் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 6

பில் போடும் மென்பொருள்காரரிடம் பேசினேன். கமா உள்ள புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும் என்று 2005-லேயே சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 4180 எழுதிவைத்திருக்கிறது. பைத்தானின் சிஎஸ்வி ரைட்டர் இதைத் தானாகவே செய்யும். மாலையில் புதுக் கோப்பு அனுப்பினார். மேற்கோள் இருந்தது, ஆனால் கமாவுக்கும் மேற்கோளுக்கும் நடுவே ஓர் இடைவெளி. ரீடர் அதை மேற்கோளாகவே மதிக்கவில்லை. கமாவை அடுத்த இடைவெளியைத் தாண்டச் சொல்லும் ஸ்கிப்இனிஷியல்ஸ்பேஸ் என்பதை ட்ரூ ஆக்கியதும் படித்தது.

பழைய கோப்பில், பெயரை அடுத்து "த/பெ" என்று கமா போட்டு அப்பா பெயரையும் சேர்த்த வரிகள் உண்டு. அவற்றை ஊகித்துப் பிரிக்க விருப்பமில்லை. தனிக் கோப்பில் எழுதிவைத்திருக்கிறேன். நாளை ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.