முதலில் எது

மார்ச் 3, செவ்வாய்

ஊசி போட்டுத் திசு எடுத்துவிட்டார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம்.

மார்ச் 4

கட்டி அம்மாவின் மார்பில். டாக்டர் கேள்வி கேட்பதோ என்னிடம். "இவர்களுக்குச் சர்க்கரை உண்டா?" காலமெல்லாம் கணக்குப் பாடம் நடத்தியவள் அம்மா, தான் சாப்பிடும் மாத்திரைகளை மில்லிகிராமோடு சொல்வாள். மடியில் இருந்த கோப்பின் நாடாவை அவிழ்ப்பதும் முடிவதுமாகவே உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு முறை, "இடது கையைத் தூக்கினால்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவர் வயதைக் கேட்டார்.

மார்ச் 5

அந்த வாக்கியத்தின் மிச்சம் என்ன? கேட்டேன். "ஒன்றுமில்லை, விடு" என்கிறாள்.

நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984-இலேயே பெக்மன், பிராங்கல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. வெளியே அத்தனை கூட்டம். அவருக்கும் மூச்சுவிட நேரமில்லைதான். இருந்தாலும் மனம் ஆறவில்லை.

மார்ச் 7

அண்ணன் பேசினான். முடிவு எதுவானாலும் அம்மாவிடம் சொல்லக் கூடாதாம், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமாம். பயத்தில் பேசுகிறான், புரிகிறது. ஆனால் உடம்பு அவளுடையது. கெட்ட செய்தியைச் சொல்வதற்கென்றே மருத்துவர்களுக்கு 'ஸ்பைக்ஸ்' என்று ஒரு முறை இருக்கிறது, 2000-இல் வந்தது. செய்தியைச் சொல்வதற்கு முன் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே கேட்க வேண்டும் என்கிறது அது. மகனை அல்ல. அவளுக்கு வேண்டாம் என்றால் அதையும் அவளே சொல்லட்டும்.

மார்ச் 8

தூக்கம் இல்லை.

மார்ச் 10

புற்றுநோய்தான்.

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "அம்மாவிடமே சொல்லுங்கள்" என்றேன். குரல் நடுங்கிவிட்டது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "எல்லாவற்றையும் சொல்லட்டுமா அம்மா?" என்றார். "சொல்லுங்கள்" என்றாள். சொன்னார். அம்மா அழவில்லை. "கையைத் தூக்கினால் அக்குளில் ஏதோ தட்டுப்படுகிறது. போன தடவையே சொல்ல வந்தேன்" என்றாள். அவர் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். அறிக்கையைப் புரட்டினார். ஏதோ எழுதினார்.

அந்த மனிதர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. நேற்றுவரை இருந்தது.

இரவு

அறுவை முதலில் என்று அவர் சொன்னதாக அம்மா அடித்துச் சொல்கிறாள். மருந்து முதலில் என்றே என் காதில் விழுந்தது. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் அப்போதே மறந்துபோகிறதாம். நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தவறாம். கிளம்பும்போது, "என்ன புரிந்தது, ஒரு தடவை சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டிருக்கலாம். அரை நிமிடம் ஆகியிருக்குமா?

மார்ச் 11

தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

மார்ச் 12

எடுத்தார்கள். ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனை, அதாவது கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று பார்ப்பது, அதன் முடிவு இன்னும் வரவில்லையாம், அதைப் பார்த்துத்தான் எது முதலில் என்று தீர்மானிப்பார்களாம். அப்படியானால் அன்றைக்கு அவர் சொன்னது என்ன? அம்மா தன் கேள்விகளை எழுதத் தொடங்கியிருக்கிறாள். என்னைப் பார்க்கவிடவில்லை.