சராசரி மாறவில்லை

"கூட்டிக் கழிச்சுப் பார்த்தா சராசரி பெருசா மாறலையே, அப்புறம் என்ன?" என்று மேனேஜர் கேட்டார், லாரிகள் யார்டில் நின்ற நேரத்தை எங்கள் ரிப்போர்ட் தப்பாகக் காட்டியிருக்கிறது என்று நான் சொன்னபோது. அதற்கு நான் சொன்ன "சரி சார்" இன்னும் உறுத்துகிறது.

மணலி யார்டில் லாரி வெளியேறிய நேரத்திலிருந்து நுழைந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எங்களுக்கு முன்பு இருந்தவர் எழுதிய கோட். பாண்டாஸ் என்ற பைதான் கணக்குக் கருவியில் 'செகண்ட்ஸ்' என்று கேட்டால் மொத்த வினாடி வராது. நாளைத் தனியாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் தரும். 26 மணி நேரம் நின்ற வண்டிக்கு 7,200 வினாடி, அதாவது 2 மணி நேரம். முழுசாக வேண்டுமென்றால் 'டோட்டல் செகண்ட்ஸ்' என்று கேட்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டிய வண்டி ஒன்றுகூட ரிப்போர்ட்டில் வராததன் ரகசியம் இதுதான். அதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம் வேறு.

இன்னொரு கூத்தும் உண்டு. வெளிகேட் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கி ஓடியது. உள்ளே வந்ததும் திரும்பிய வண்டிக்கு மைனஸ் 2 நிமிடம் வரும். பாண்டாஸ் அதை மைனஸ் ஒரு நாள், கூட்டல் 23 மணி 58 நிமிடம் என்று வைத்துக்கொள்ளும். அந்த மைனஸ் ஒரு நாளை விட்டுவிட்டால் 86,280 வினாடி! நிற்காத வண்டி ஏறக்குறைய ஒரு நாள் நின்றதாகக் கணக்கு. நீண்டது குறைந்து, குறைந்தது நீண்டு, சராசரி நடுவில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் சொன்னது பொய்யில்லை. யார்டுக்காரர்கள் கேட்டதும் சராசரியைத்தான். அடுத்த மாதத்திலிருந்து சரியான கணக்கு, பழைய ரிப்போர்ட்டைத் தொட வேண்டாம் என்று முடிவானது. டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் வெளியே வந்ததும் கேட்டாள்: "அண்ணா, அந்த 26 மணி நேர வண்டி டிரைவர்கிட்ட போய் சராசரி மாறலைன்னு சொல்ல முடியுமா?"

கடிகாரம் எவ்வளவு பின்தங்கியது என்று தெரியாதவரை எந்த வண்டியின் நேரமும் சுத்தமில்லை, எதை வைத்துப் பழையதைத் திருத்துவது என்றேன். அப்போது நல்ல பதிலாகத்தான் பட்டது. மைனஸ் வந்த வரிகளைப் பூஜ்யமாக்காமல் தனியாக எடுத்து வைத்ததும் அதனால்தான். ஆனால் கடிகாரத்தில் தவறியது சில நிமிடம், கோடில் தொலைந்தது முழு நாள். இரண்டும் ஒன்றா? அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

புது ரிப்போர்ட் போய்விட்டது. ஒரு நாளைத் தாண்டிய வண்டிகள் திடீரென்று எங்கிருந்து வந்தன என்று யார்டிலிருந்து இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் யார் பதில் சொல்வது என்றும் நாங்கள் பேசி வைக்கவில்லை.