சிறு கத்திக்குப் புதிய பிடி: கைக்கருவிகளால் மட்டும்

சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் கொல்லர்கள் விற்கும் சிறிய கத்திகளில் நல்ல எஃகு இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி, அடித்து, வெட்டும் விளிம்பான வாய்ப்பகுதியைத் தோய்த்துக் கெட்டியாகப் பதமேற்றிய நான்கு அங்குல அலகு, சாணைக்கல்லில் சில நிமிடங்களிலேயே கூர் பிடித்துக்கொள்ளும். குறை பிடியில்தான் இருக்கிறது. அலகின் பின்னால் நீளும் கூம்பிய காம்பைச் சூடாக்கி, கடைசலில் உருட்டிய வட்டப் பிடிக்குள் செருகிவிடுவதால், மரம் உலர உலர அது தளர்ந்து ஆடத் தொடங்குகிறது. வட்டமாக இருப்பதால், கை ஈரமானதும் விரல்களுக்குள் சுழலவும் செய்கிறது. என்னிடம் உள்ள அத்தகைய கத்தி ஒன்றின் பிடியை மாற்றி, முதுகைத் திருத்தி, அலகுக்குக் கறுப்புப் பூச்சு ஏற்றிய வேலையை, மின்கருவி எதையும் தொடாமல் செய்து முடித்தேன். அந்த முறையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மின்கருவியைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. பதமேற்றிய எஃகு சூட்டைப் பொறுக்காது. கரிம எஃகு ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸை எட்டும்போது அதன் மேற்பரப்பில் வெளிர் வைக்கோல் நிறம் தோன்றும். 300 டிகிரியை நெருங்கினால் நீலமாகும். கத்தியின் வாயில் அந்த நீலத்தைக் கண்டால், அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். மறுபடியும் உலையில் வைத்துத் தோய்த்தாலன்றி அது திரும்பாது. மெல்லிய வாயில் கிரைண்டர் சக்கரம் சில நொடிகள் நின்றாலே இது நேர்ந்துவிடும். அரமோ உப்புத்தாளோ எஃகை அந்த அளவுக்குச் சூடாக்குவதே இல்லை. வீட்டில் வேலை செய்பவருக்கு மெதுவான கருவியே பாதுகாப்பான கருவி.

தொடங்குமுன் வாயின் மேல் கெட்டியான அட்டையை மடித்து வைத்து நாடாவால் இறுகச் சுற்றிவிட வேண்டும். வேலை முடிந்து கூர் தீட்டும் நேரம் வரை அதை அகற்றவே கூடாது. பழைய பிடியை நெருப்பில் எரித்துக் கழற்றும் வழக்கம் உண்டு. அந்தச் சூடு காம்பின் வழியாக அலகுக்கு ஏறும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை. பிடியின் முனையில் மாட்டிய உலோக வளையமான பூணை ஹாக்சாவால் அறுத்து நீக்கி, பிடியின் இரு பக்கங்களிலும் நெடுக்காக ஒரு வெட்டு போட்டு, அதில் உளியை வைத்துத் தட்டினால் மரம் இரண்டாகப் பிளந்து காம்பு வெளியே வந்துவிடும்.

அடுத்து, அரத்தை அலகின் பல இடங்களில் மெல்ல உரசிப் பார்த்து எஃகின் குணத்தை அறிந்துகொள்ள வேண்டும். பதமேறிய வாய்க்கு அருகில் அரம் கடிக்காமல் வழுக்கும்; முதுகிலும் காம்பிலும் கடித்துத் துகள் எடுக்கும். கொல்லர் வாயை மட்டும் தோய்ப்பதால் வரும் வேறுபாடு இது. முதுகு மென்மையாக இருப்பதால்தான் கத்தி ஒடியாமல் வளைந்து கொடுக்கிறது. நமக்கும் அதை அரத்தால் திருத்த முடிகிறது. சுத்தியல் தழும்புகளோடு இருந்த முதுகை முதலில் பத்து அங்குல முரட்டு அரத்தாலும், பின்னர் ஆறு அங்குல நைசு அரத்தாலும் நேராக்கினேன். அரம் முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே வெட்டும். திரும்பி வரும்போது அழுத்தினால் பற்கள் மழுங்கும் என்பதால் தூக்கியே கொண்டுவர வேண்டும். பற்களில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத் துகள் அடைத்து அலகில் கீறல் போடாது. ஆள்காட்டி விரல் அழுத்தும் பின்பகுதியை உருண்டையாக மழுக்கிவிட்டு, முன்பகுதியின் விளிம்பைச் சதுரமாகவே விட்டேன். இஞ்சித் தோல் சுரண்டவும் மரப்பட்டை சீவவும் அந்தச் சதுர விளிம்பு மிகவும் உதவுகிறது.

அலகும் காம்பும் சேரும் தோள்பட்டையைப் பலர் கவனிப்பதில்லை. அந்த உள்மூலை கூர்மையான செங்கோணமாக இருந்தால், அழுத்தம் முழுவதும் அங்கே குவிந்து, என்றாவது ஒரு நாள் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். சிறிய உருண்டை அரத்தால் அந்த மூலையைச் சற்றே வளைவாக்கிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும். கத்தியின் ஆயுளைக் கூட்டும் வேலைகளில் இதைவிட எளிதானது வேறில்லை.

பிடிக்கு நான் எடுத்தது நன்றாக உலர்ந்த கொய்யாக் கட்டை. கெட்டியானது, இழை நெருக்கமானது, எளிதில் பிளக்காதது. புளியும் கருவேலமும் ஏற்றவையே. கருவேலம் அரத்தை மிகவும் சோதிக்கும். எந்த மரமானாலும் முழுமையாக உலர்ந்திருக்க வேண்டும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். பச்சை மரத்தில் செய்த பிடி அதனால்தான் காம்பை விட்டு விலகுகிறது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு நிழலில் உலர்த்துவது தச்சர்களிடையே பொதுவான கணக்கு. வெட்டிய முனைகளில் மெழுகு தடவி வைத்தால் முனை வெடிக்காது. மான்கொம்புப் பிடியின் மேல் ஆசைப்படுவோர், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொம்பையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்திருப்பதை மனத்தில் கொண்டு அந்த ஆசையைக் கைவிடுவதே நல்லது.

முழுக் கட்டையில் நான்கு அங்குல ஆழத்துக்குக் கையால் நேரான துளை போடுவது கடினம். ஆகவே கட்டையை நெடுக்காக இரண்டாக அறுத்து, உட்புறங்களைத் தட்டையாக இழைத்து, ஒரு பாதியில் காம்பின் வடிவத்தை வரைந்து, மெல்லிய உளியால் காம்பின் தடிமன் அளவுக்குப் பள்ளம் தோண்டினேன். காம்பு எங்கே இடிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க விளக்குக் கரி போதும். காம்பை எண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் காட்டிக் கரி படியவைத்து, ஆறிய பின் பள்ளத்தில் அழுத்தி எடுத்தால், கறுப்பு ஒட்டிய இடங்களே மேடானவை. அவற்றை மட்டும் சீவ வேண்டும். சுடரைக் காம்பின் நுனிப் பக்கமாகவே வைத்து, அலகின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொள்வது நல்லது. இந்த வேலையில் பொறுமை காட்டினால் ஒட்டிய பின் பிடி அசையவே அசையாது.

காம்பின் நடுவில் மூன்று மில்லிமீட்டர் பித்தளைக் கம்பிக்கு ஒரு துளை வேண்டும். மையத்தில் ஆணியால் ஒரு புள்ளி குத்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கை டிரில்லை நிதானமாகச் சுழற்றினால் மென்மையான காம்பு விட்டுக்கொடுக்கும். ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் எப்பாக்சிப் பசையைப் பரிந்துரைக்கிறேன். ஐந்து நிமிடப் பசை சரிசெய்ய அவகாசம் தராது. பழைய அரக்கு முறையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு; ஆயினும் கொதிநீர் படும் அடுக்களைக் கத்தியில் அரக்கு இளகிவிடும். காம்பை 80ஆம் எண் உப்புத்தாளால் கரடாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து, இரு பாதிகளையும் கிளாம்பில் அளவாக இறுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும். ஒரு முழு நாள் தொடாமல் விட்ட பிறகு, துளையை மரத்தின் வழியாகவும் தொடர்ந்து, பித்தளைக் கம்பியைப் பசையுடன் செருகி, முனைகளை அரத்தால் சமமாக்கினேன்.

வடிவம்தான் இந்த வேலையின் உயிர். குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை போல இருக்க வேண்டும். குறுகிய பக்கம் வாய் இருக்கும் திசையில் அமைய வேண்டும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் வாய் எந்தப் பக்கம் என்பது கைக்குத் தெரிந்துவிடும். உள்ளங்கையில் படும் நடுப்பகுதி சற்றுப் புடைத்தும், முன்னும் பின்னும் சற்று ஒடுங்கியும் இருக்கலாம். மர அரத்தால் நான்கைந்து இழுப்பு இழுத்துவிட்டு, அட்டை சுற்றிய கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்து, அழுத்தும் இடத்தில் மறுபடியும் சீவுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. விரல்களுக்கு ஏற்பப் பள்ளம் பள்ளமாகச் செதுக்குவதை நான் விரும்புவதில்லை. அது ஒரே ஒரு பிடிப்புக்குத்தான் பொருந்தும், வீட்டில் உள்ள மற்றவர் கைக்குப் பொருந்தாது. 80, 120, 220, 400 என்ற வரிசையில் உப்புத்தாள் தேய்த்து, இடையில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழும்பும் இழையை உலர்ந்த பின் மீண்டும் தேய்த்தால் பிற்பாடு சொரசொரப்பு வராது.

எண்ணெயைப் பொறுத்தவரை தேங்காய் எண்ணெய் உதவாது. அது காற்றில் இறுகும் தன்மையற்றது, பிசுக்காகவே நிற்கும். ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கெட்டியான படலமாகிறது. மெல்லிய பூச்சாகத் தடவி, மிஞ்சியதைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மறுபூச்சு இட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் இறுகும்போது வெளிவரும் வெப்பம் துணிக்குள் தேங்கித் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள்.

அலகுக்குக் கறுப்பு ஏற்றக் கடுக்காயைப் பயன்படுத்தினேன். கடுக்காயில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீல நிறத்தைத் தருகிறது. கலம்காரித் துணியின் கறுப்புக்கும் இதே வினைதான் அடிப்படை. கடுக்காய்த் தோலைப் பொடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறிய பின் சிறிது வினிகர் சேர்த்து, பிசுக்கு நீக்கிய அலகில் பலமுறை தடவினால் நிறம் மெல்ல இறங்கும். விரும்பிய அளவு கறுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். இந்தப் பூச்சு துருவை முற்றிலும் தடுக்காது, தாமதப்படுத்தும்.

கடைசியாக அட்டையை நீக்கி, நனைந்த சாணைக்கல்லில் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரிச் சாய்வில் கூர் தீட்டி, தோல் வாரில் இழுத்து முடித்தேன். கத்திக்குத் தோல் உறை தைத்திருக்கிறேன். கடலோர ஊரில் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகைத் துருவேற்றும் என்பதால், அதை வெளியே எடுத்துச் செல்லும்போது மட்டுமே பயன்படுத்துகிறேன். வீட்டில் கத்தியைத் துடைத்து, அலகில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, காற்றோட்டமான மரச்சட்டத்தில் செருகி வைக்கிறேன்.