கோர்ட் படி ஏறாமல் முடிகிற கேஸ்கள்

செட்டிநாட்டில் ஒரு வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதும் அதை யார் ஓட்டுகிறார்கள் என்பதும் வேறு வேறு கதை. ஆர்.சி. புக்கில் இருக்கும் பெயர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது, ஓட்டுகிறவர் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேன், அதில் கொடுத்திருக்கும் போன் நம்பரோ எப்போதோ ரீசார்ஜ் பண்ணாமல் செத்துப்போன நம்பர். இல்லாவிட்டால் பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ தனியாக இருக்கும் ஆச்சி பெயரில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் நிற்கும், சமையலுக்கு வருகிற அண்ணன் அதை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போவார். அவர் தலையில் ஹெல்மெட் இல்லாவிட்டால் 1000 ரூபாய் ஃபைன் ஆச்சி பெயரில்தான் வரும்.

நான் காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே ஆன்லைன் வேலைகளும். பட்டா நகல், பான் கார்டு, வேலைவாய்ப்புப் பதிவு எல்லாம் போக, இந்த சலான் (வண்டிக்கு வரும் அபராத நோட்டீஸ்) விவகாரம் இப்போது கடையில் பெரிய வேலையாகிவிட்டது. போனை நீட்டும்போதே முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், போலீஸ் சலான் என்றால் கோபமாக வருவார்கள், கோர்ட் என்று மெசேஜில் இருந்தால் பயந்துபோய் வருவார்கள். "தம்பி, கோர்ட்டுன்னு போட்டிருக்கப்பா, எங்க வீட்ல யாரும் கோர்ட் படி ஏறுனதே இல்ல" என்பார்கள். (பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு ஒரு தலைமுறையாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகளிலும் இதையேதான் சொல்வார்கள். அது வேற கணக்கு போல.)

விஷயம் என்னவென்றால், இந்த மாதிரி சின்னக் குற்றங்களில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம்.

முதல் கட்டத்தில் கோர்ட்டே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 200-ஆவது பிரிவு, பட்டியலில் உள்ள சில குற்றங்களை அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியே பணம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்கிறது. ஹெல்மெட் போடாதது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, இன்சூரன்ஸ் இல்லாதது, வண்டி ஓட்டும்போது போன் பேசியது எல்லாம் இதில் வரும். ஊரில் ஸ்பாட் ஃபைன் என்று சொல்வது இதைத்தான். மத்திய அரசின் வாகனத் தளமான பரிவாஹனில் இ-சலானைக் கட்டினாலும் இதே கணக்குதான். இங்கே கட்டுவது தண்டனை இல்லை, சமரசத் தொகை. கட்டியவுடன் அந்தக் குற்றத்துக்கான நடவடிக்கை நின்றுவிடும். எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்பதை மாநில அரசு அறிவிக்கிறது. மத்திய அரசு 2019-ல் தொகைகளை ஏற்றியபோது தமிழ்நாடு உடனே ஏற்றவில்லை, 2022 அக்டோபரில்தான் ஏற்றியது. அதுவரை ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய்தானே என்று தெனாவட்டாகத் திரிந்தவர்களுக்கு ஒரே நாளில் 1000 ஆனது.

குடித்துவிட்டு ஓட்டியது இந்தப் பட்டியலில் இல்லை. 185-ஆவது பிரிவு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அதற்கு மாஜிஸ்திரேட் முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். "ஆன்லைன்ல ஏதாவது பண்ணி முடிச்சு விடுப்பா" என்று கேட்டு வருகிறவர்களை வக்கீலைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

இரண்டாவது கட்டம்தான் மெசேஜில் வரும் விர்ச்சுவல் கோர்ட். சலானைக் கட்டாமலே விட்டால் அது அங்கே போகும். 2019-ல் டெல்லியில் போக்குவரத்து வழக்குகளுக்காகத் தொடங்கிய ஏற்பாடு, அப்புறம் பல மாநிலங்களுக்கு வந்தது, தமிழ்நாட்டுக்கும் வந்தது. அங்கேயும் நீதிபதி உண்டு, நாம்தான் அவர் முன்னால் போய் நிற்பதில்லை. போலீஸ் அனுப்பிய விவரத்தை அவர் கணினியில் பார்த்து அபராதத்தைக் குறிக்கிறார், நமக்கு மெசேஜ் வருகிறது. விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்து வண்டி நம்பரையோ சலான் நம்பரையோ போட்டால் கேஸ் வரும், போனுக்கு ஓடிபி வரும், அப்புறம் கேட்பது ஒரே கேள்வி: அபராதம் கட்டுகிறாயா, வழக்கை எதிர்க்கிறாயா? கட்டினால் கேஸ் முடிந்தது. எதிர்த்தால் சம்பவம் நடந்த இடத்துக்கு உரிய சாதாரணக் கோர்ட்டுக்குக் கோப்பு போய்விடும். அதுதான் மூன்றாவது கட்டம்.

இது ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்த ஏற்பாடு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதே 1988 சட்டத்தில் 208-ஆவது பிரிவைப் பாருங்கள். சம்மன் அனுப்பும்போதே, நீ நேரில் வரலாம், வக்கீலை அனுப்பலாம், அல்லது வாய்தா தேதிக்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கோர்ட் சொல்லும் தொகையை மணியார்டரில் அனுப்பிவிடலாம் என்று எழுத வேண்டும். சிறைத்தண்டனை இல்லாத குற்றமென்றால் கோர்ட் இதைக் கட்டாயம் எழுதியே ஆக வேண்டும். ஒப்புக்கொள்வதை எங்கே எழுதுவது? மணியார்டர் கூப்பனில்! "நலம், நலமறிய ஆவல், பணம் அனுப்பியுள்ளேன்" என்று முன்பெல்லாம் நாம் எழுதுவோமே, அந்த ஓரத்தில் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதினால் போதும் என்கிறது அந்தப் பிரிவு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க (வியாபாரம் பண்ண) போனவர்கள் ஊரெல்லாம் பணம் அனுப்பிப் பழகிய மண்ணில், இந்தப் பிரிவு இன்னும் பிரபலமாகாதது எனக்கு ஆச்சரியம்தான்.

அதே பிரிவில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அப்படி ஒப்புக்கொண்டு பணம் அனுப்பினால் அந்தக் குற்றத்துக்கு மேற்கொண்டு நடவடிக்கை கிடையாது, ஒப்புக்கொண்டதற்காக லைசென்ஸைத் தகுதிநீக்கம் செய்யவும் முடியாது. ஹெல்மெட் பிரிவான 194டி-யில் 1000 ரூபாயோடு மூன்று மாத லைசென்ஸ் தகுதிநீக்கமும் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சலுகை என்று புரியும்.

வண்டி இல்லாத சின்ன வழக்குகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 206-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ல் 229-ஆவது பிரிவு. அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய சில்லறைக் குற்றமென்றால் எழுத்தில் ஒப்புக்கொண்டு சம்மனில் போட்டிருக்கும் தொகையைத் தபாலிலோ ஆள் மூலமோ அனுப்பலாம். முன்பு 1000 ரூபாய் வரையிலான குற்றங்களுக்குத்தான் இது, இப்போது 5000 வரை ஏற்றியிருக்கிறார்கள். பொது இடத்தில் சிகரெட் பிடித்தால் 200 ரூபாய் வரை ஃபைன் போடுகிறார்களே, அது 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம், அதிலும் அதிகாரியிடமே கட்டி முடிக்க வழி இருக்கிறது.

நியூஜெர்சியில் இருக்கும் என் மச்சானிடம் இதையெல்லாம் சொன்னால், "இங்க எல்லா டிக்கெட்டும் இப்படித்தான், கோர்ட்டுக்கு வரணும்னு எழுதியிருக்கான்னு மட்டும் பார்ப்போம், இல்லேன்னா ஆன்லைன்ல கட்டிடுவோம்" என்கிறார். ஆனால் அங்கே கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது, லைசென்ஸில் பாயின்ட் ஏறும், இன்சூரன்ஸ் ஏறும். அதனால் கட்டுவதா போராடுவதா என்று உட்கார்ந்து கணக்குப் போடுவாராம்.

நம்மிடம் அந்தக் கணக்கு இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கடைக்கு வருகிறவர்களில் உண்மையிலேயே தப்புச் செய்யாதவர்களும் இருக்கிறார்கள். வண்டியை விற்று வருஷமாகியிருக்கும், வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். நம்பர் பிளேட்டில் ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்து, ஸ்கூட்டி வைத்திருப்பவருக்கு லாரிக்கான சலான் வந்திருக்கும். இவர்களிடம் "எதிர்க்கிறேன்னு போடவா?" என்று கேட்டால் உடனே அடுத்த கேள்வி, "போட்டா எங்க போகணும்?" என்பதுதான். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் பிரிந்து கிடக்கின்றன. கானாடுகாத்தானிலிருந்து கடியாபட்டிக்குப் போனாலே மாவட்டம் மாறிவிடும். திருமயம் பக்கம் பிடித்த கேஸுக்குக் காரைக்குடி கோர்ட்டில் போய் நிற்க முடியாது. ஒரு நாள் வேலை போகும், வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும், போலீஸ் தரப்பு வராவிட்டால் இன்னொரு வாய்தா. 1000 ரூபாய்க்கு இதெல்லாம் எதற்கு என்று கட்டிவிட்டுப் போகிறார்கள். தப்புச் செய்தவனும் கட்டுகிறான், செய்யாதவனும் கட்டுகிறான், இரண்டு ரசீதிலும் ஒரே வாசகம். வசதி என்ற பெயரில் எதிர்க்கிற பட்டனை வெறும் அலங்காரமாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. குற்றத்தை ஒப்புக்கொள்ள வீட்டிலிருந்தே முடியும் என்றால், மறுப்பதற்கும் ஒரு போட்டோவை ஏற்றி நான்கு வரி எழுத அங்கேயே இடம் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

அதனால் நான் சொல்வது, போலீஸ் சலானாக இருக்கும்போதே குறையை எழுதிவிடுங்கள். இ-சலான் தளத்தில் புகார் கொடுக்க இடம் இருக்கிறது. நம்பர் தப்பு என்றால் சலானில் வரும் போட்டோவையும் உங்கள் வண்டி போட்டோவையும் சேர்த்து அனுப்பினால் எடுத்துவிடுகிறார்கள், எப்போதும் இல்லை, ஆனால் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஓட்டியது வேறு ஆள் என்றால் யார் என்ற விவரத்தை அதிகாரி கேட்டால் கொடுக்க வேண்டியது உரிமையாளர் கடமை, 133-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. வாட்ச்மேன் பெயரை எப்படிச் சொல்வது என்று கூச்சப்படுகிறவர்கள் தாங்களே கட்டிவிடுகிறார்கள். அது அவர்கள் பெருந்தன்மை.

ஆறு மாசம் கட்டாமல் விட்டால் தானாகச் செத்துவிடும் என்று டீக்கடையில் ஒரு சட்டம் ஓடுகிறது. அபராதம் மட்டுமே உள்ள குற்றத்தைக் கோர்ட் ஆறு மாதத்துக்குள் கோப்பில் எடுக்க வேண்டும் என்ற காலவரம்பு நிஜமாகவே உண்டு, ஆனால் எடுத்துவிட்டால் அப்புறம் அந்த வாதம் உதவாது, நமக்கு மெசேஜ் வராததால் எடுக்கவில்லை என்றும் அர்த்தமில்லை. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கவோ பெயர் மாற்றவோ ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போது பழைய பாக்கியெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இப்போது போலி மெசேஜ்களும் நிறைய. உங்கள் வண்டிக்கு சலான் இருக்கிறது, இந்த ஃபைலை இன்ஸ்டால் பண்ணிப் பாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) அனுப்புகிறார்கள், அதைத் தொட்டால் பேங்க் கணக்கு காலி. அரசாங்கத் தளத்தின் முகவரி காவ் டாட் இன் என்றுதான் முடியும், சலானைப் பார்க்க எந்த ஆப்பையும் வாட்ஸ்அப்பில் வாங்கி ஏற்றத் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஆச்சி போனுக்கு இதைத் தெளிவாகச் சொல்லி வைத்தால் நல்லது.

அப்படியே பரிவாஹனில் வண்டிக்கான போன் நம்பரையும், ஊரில் யாராவது எடுக்கக்கூடிய நம்பராக மாற்றி வையுங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். வண்டியை விற்றால், விற்றதைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29-ஐக் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்ததோடு விடாமல், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிய ரசீதை ஒரு பிரின்ட் எடுத்து ஆர்.சி. கவரில் வைத்துவிடுங்கள். கோர்ட்டில் கட்டியது போலீஸ் தளத்தில் ஏறக் கொஞ்ச நாள் ஆகிறது, அதற்குள் தேவகோட்டை ரஸ்தாவில் யாராவது நிறுத்திப் பழைய சலானைக் காட்டினால் அந்தக் காகிதத்தை நீட்டலாம்.